இடது காது

"கலா, உன்னத்தான் கேட்டு வந்திருக்காங்க," என்றார் முதலாளி ராதாகிருஷ்ணன்.

சந்திரகலா கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. நெற்றியில் திருநீறு மட்டும். கையில் பிளாஸ்டிக் பை.

பேர் சொல்லிக் கேட்டு வருவது அந்தக் கடைக்குப் புதிதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அஞ்சலிப் படம் என்றால் அங்கேதான் வருவார்கள். செத்தவர் படத்தை ஸ்கேன் செய்து, சுற்றிலும் கறுப்பு பார்டர் போட்டு, டிஸ்கில் ஏற்றித் தருவாள் சந்திரகலா. அதைப் பத்திரிகை ஆபீசில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

"எங்கேருந்து வரீங்கக்கா?" என்று கேட்டார் ராதாகிருஷ்ணன்.

"கிள்ளான்."

"கிள்ளான்ல கடையா இல்ல?"

"அவரு லோரியில உங்க கடை கார்டு இருந்துச்சு."

ராதாகிருஷ்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா கலா, நம்ம கார்டு லோரி ஏறி கிள்ளான் வரைக்கும் போவுதுலா!" சொல்லிக்கொண்டே தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

வந்தவள் பேர் வள்ளியம்மா. புருஷன் கன்னையா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். போய்ச் சேர்ந்து ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நினைவஞ்சலி வரவேண்டும். சாயங்காலத்துக்குள் டிஸ்க் போய்ச் சேர்ந்தால்தான் வரும்.

பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். லோரியின் வெயில் மறைப்புத் தட்டுக்குப் பின்னால் செருகியிருந்ததாம். சூட்டில் பழுத்துப் போயிருந்தது.

சந்திரகலா அதை எடுத்து ஸ்கேனரில் கவிழ்த்து மூடினாள்.

திரையில் கன்னையா மேலிருந்து கீழாக வந்தார். முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு சிரிப்பு. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. படத்தின் வலது ஓரத்திலிருந்து ஒரு குட்டிக் கை நீண்டு அவருடைய இடது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கைக்கு உரிய குழந்தை படத்தில் இல்லை. அந்தப் பக்கத்தை யாரோ கத்தரியால் நறுக்கியிருந்தார்கள். கையையும் நறுக்கினால் காது போய்விடும் என்று விட்டுவிட்டார்கள் போல.

"வேற போட்டோ இல்லையா, ஆன்டி?"

"இருக்கு. ஒண்ணுலயும் சிரிக்கல. கல்யாணப் போட்டோவுலயே ரோட் டேக்ஸ் கட்டப் போனவரு மாதிரிதான் நிக்கிறாரு."

சந்திரகலா வழக்கம்போல் பார்டரைப் படத்துக்கு வெளியே போட்டாள். கறுப்புக்குள் கன்னையா முழுசாக இருந்தார். கையும் இருந்தது.

"அந்தக் கை தெரியக்கூடாது. யாரு புள்ளன்னு சனம் என்னைத்தான் கேக்கும். எங்களுக்குப் புள்ள கிடையாது."

இதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டால், சாகும்வரை கேட்பார்கள்.

"அழிச்சிடலாம், ஆன்டி. கொஞ்சம் நேரமெடுக்கும். காது தப்பிச்சிரும்."

"அழிக்கச் சொல்லல. மறைக்கத்தான் சொன்னேன்."

சந்திரகலா பார்டரை உள்பக்கம் வளரும்படி மாற்றினாள். அதில் ஒரு வசதிக்குறைவு. தடிமனுக்கு ஒரே எண்தான். ஒரு பக்கம் கூட்டினால் நாலு பக்கமும் சேர்ந்து படத்தைத் தின்னும்.

எண்ணைக் கூட்டினாள். சின்ன முழங்கை போயிற்று. மறுபக்கம் கன்னையாவின் தோளும் போயிற்று.

இன்னும் கூட்டினாள். மணிக்கட்டு போயிற்று. கறுப்புக் கயிறு கட்டிய மணிக்கட்டு. மேலே அவருடைய சுருட்டை முடி போயிற்று. கீழே சட்டைப்பையும் அதிலிருந்த பேனாவும் போயின.

வள்ளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. சந்திரகலாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா, ஆன்டி?"

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். நகத்தால் கண்ணாடியைத் தொட்டாள். "இன்னும் ஒரு விரல் இருக்கு."

சந்திரகலா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. பிறகு மறுபடி எண்ணை அடித்தாள்.

விரல் போயிற்று. காதும் போயிற்று.

இப்போது திரையில் இருந்தவர், யாரும் எதுவும் சொல்லாமலே சிரிக்கிற ஆள்.

"இது போதும்," என்றாள் வள்ளியம்மா.

சந்திரகலா அதை வேறு பேரில் டிஸ்கில் ஏற்றினாள். ஒரு காப்பியும் அச்செடுத்துக் கொடுத்தாள். வள்ளியம்மா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஆன்டி, போட்டோ. ஸ்கேனர்லயே இருக்கு."

வள்ளியம்மா வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்கப்பா காதப் புடிச்சு இழுத்தது நீதானே. நீயே வச்சுக்க."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சந்திரகலா ஸ்கேனரின் மூடியைத் திறக்கவில்லை. அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம், கன்னையாவின் உடலை எடுத்த அன்று, அவள் கிள்ளானுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல், குடையைச் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பும்வரை நின்றாள். ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அந்த ரோட்டில் பஸ் வராது என்பது அவளுக்குத் தெரியாது.