செல்லோ ஊன்றிய குழி

சனிக்கிழமைக் கச்சேரிக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த செல்லோ கலைஞர் ஷீபா ஒத்திகைக்கு உட்கார்ந்தபோது, முழங்கால்களுக்கு இடையில் சாய்த்து வாசிக்கும் அந்தப் பெரிய கருவியின் அடியிலுள்ள இரும்பு முனை மேடையின் மரத்தரையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. "இங்க ஏற்கெனவே ஒரு குழி இருக்கே" என்று முனையை அதில் ஊன்றினாள். வயலின் வரிசையில் இருந்த பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கச்சேரியில் செல்லோ வாசிக்க இருந்தவர் அவள் கணவர் பிலவேந்திரன். மூன்று மாதம் அதே இடத்தில் உட்கார்ந்து பழகியதில் விழுந்த குழி அது. ஷீபா முனையை முழுவதும் நீட்டிப் பார்த்தாள். குழி தள்ளி இருந்ததால் அப்போதும் செல்லோ அவள் தோளுக்கு வந்து சேரவில்லை. நாற்காலியை முன்னே இழுத்தாள். அதன் கால் இசை நடத்துநர் நிற்கும் பலகையின் மூலையில் இடித்தது. "எனக்கு எட்டவே இல்ல. யாருங்க இது, இவ்ளோ உயரமா?" என்று சிரித்தாள். இசைக்குழுவின் நாற்பது பேரும் தங்கள் இசைத்தாளில் எதையோ தேடினார்கள். "ஆறடி ரெண்டு இன்ச்சு" என்றாள் பிலோமினா, போன மாதம் சவப்பெட்டி செய்கிறவர் கேட்டபோது சொன்ன அதே குரலில். "அப்ப சரிதான்" என்ற ஷீபா, குழியிலிருந்து ஒரு சாண் தன் பக்கம் தள்ளி, பளபளத்த மரத்தரையில் முனையைப் புதிதாகக் குத்தினாள்.