மணி ஆறு அடிக்கும் வரை

பெஞ்சில் என் பக்கம் நாலு புத்தகம். ஜூலியானா டீச்சர் பக்கம் ஐந்து.

எங்கள் வாசகசாலையின் டென்னிஸ் களத்தில் கணக்கை வாயால் சொல்லக் கூடாது. சன்னலுக்கு அந்தப் பக்கம், நாகப்பட்டினக் கப்பலில் வந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரு கேம் ஜெயித்தால் ஒரு புத்தகம். யாரும் எடுத்துப் படிக்காத தடிப் புத்தகங்களாகப் பார்த்து லைப்ரேரியன் பால்ராஜ் அடுக்குவார். அலமாரி ஏணிதான் அவருக்கு அம்பயர் நாற்காலி.

கைதட்டவும் கூடாது. ஆறு மணிக்கு வாசகசாலை மூடும் வரை மூச்சு விடக் கூடாது.

ஆறு புத்தகம் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

டீச்சர் ஜெயித்தால் பெண்களுக்கும் மாலையில் களம் கிடைக்கும். இதுவரை அவர்களுக்குப் புதன்கிழமை காலை பத்து மணி மட்டும்தான். அந்த நேரத்தில் டீச்சர் நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். நர்ஸ் மார்த்தா ஆஸ்பத்திரியில் யாருக்காவது கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். உறுப்பினர்கள் என்றுதான் பேர், மட்டையைத் தொட வழியில்லை.

கேட்டதற்கு, முதலில் எங்கள் சாம்பியனை ஜெயித்துக் காட்டட்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. நடக்காது என்ற தைரியம்தான்.

அந்தச் சாம்பியன் நான். மூன்று வருஷமாக. பீற்றிக்கொள்ளவில்லை, கோப்பையில் வின்சென்ட் என்று பேர் வெட்டியிருக்கிறது.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பந்தைக்கூட வேண்டுமென்றே விட மாட்டேன் என்று கமிட்டிக்காரர்கள் என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். நான் வேதக்காரன் என்பதால் அலமாரியிலிருந்து பைபிளையே இறக்கி வந்தார்கள். இதற்கு முன் எந்த ஆட்டத்துக்கும் யாரும் என்னிடம் சத்தியம் கேட்டதில்லை. சுருக்கென்றது. ஆனாலும் செய்தேன்.

சத்தியம் கேட்காமல் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். எனக்குத் தோற்கப் பிடிக்காது.

டீச்சருக்கு வேண்டியது இன்னும் ஒரே ஒரு புள்ளி.

டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தார். நான் கோட்டோரமாகத் திருப்பினேன். ஓடி எடுத்தார். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் விரட்டினேன், சளைக்கவில்லை. வேலிக்கு வெளியே நாசிகண்டார் சோறு விற்கும் கமால் சோற்றுக் காவடியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கூவி விற்பதையும் மறந்து நின்றார்.

அப்புறம் ஒரு பந்தை டீச்சர் மெத்தென்று வலைக்கு இந்தப் பக்கம் போட்டார்.

பாய்ந்தேன். மட்டை நீண்டது, நானும் நீண்டேன். பந்து ஒரு சாண் தள்ளி இரண்டாம் தடவை குதித்து உருண்டது.

பால்ராஜ் ஏணியிலிருந்து இறங்கி ஆறாவது புத்தகத்தை வைத்தார்.

மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. ஒரு சத்தம் இல்லை.

கமிட்டித் தலைவர் சின்னையா என் காதருகே குனிந்தார்.

"உண்மையச் சொல்லு லா, தம்பி. விட்டுக்கொடுத்துட்டியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்தையே இரண்டாக்கியிருப்பேன். பேசக் கூடாதே! கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினேன். தோல் பிய்ந்து ரத்தம் காலுறை வரை இறங்கியிருந்தது.

சின்னையா பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து நேரே அறிவிப்புப் பலகைக்குப் போனார். புதன் காலை என்றிருந்ததை அடித்துவிட்டு, செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணி என்று எழுதினார். மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள், பத்து நிமிஷமும். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

அப்பப்பா, என்ன கைதட்டல்! பேப்பர் படித்தவர்கள்கூட சன்னலில் தலையை நீட்டித் தட்டினார்கள். முதலில் தட்டியது நான்தான். கோப்பை வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் என்னிடம் வந்தார். என் முழங்காலைப் பார்த்தார், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"என்னங்க, வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"