அவகாடோவும் ஒத்தை ஸ்டாரும்

"கூடவே இருந்து குழி பறிச்சுப்போட்டானுங்க! யாருன்னு எனக்குத் தெரியும்!"

லோகப்பிரியா செல்போனை மேஜைமேல் போட்ட வேகத்தில் உப்புக் குப்பி சாய்ந்தது. மத்தியானம் மூன்று மணி. ஆர்.எஸ்.புரத்தில் அவள் நடத்தும் மெக்சிகன் ஓட்டலில் ஈ, காக்கை இல்லை.

புருஷன் கிருபாசங்கர் மட்டும் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தான். உக்கடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சரிசெய்த போன்களை ஒரு பை நிறைய அள்ளிவந்து, ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பேரை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு லோகு?"

"என்னாச்சா? நாப்பத்தாறு பேரு அஞ்சு ஸ்டார் போட்டு வெச்சிருக்காங்க. ஒருத்தர் ஒரு குத்தம் சொன்னதில்லீங்க. நாளைக்கு விடிஞ்சாக் கிரயம், இன்னிக்குன்னு பார்த்து ஒருத்தன் ஒத்தை ஸ்டார் போட்டிருக்கான்!"

அவள் வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது. ஓட்டல் திறந்த முதல் மாதம் இணையத்தில் ஒருத்தர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷன் முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள். அடுத்த வாரத்திலிருந்துதான் ஸ்டார் மளமளவென்று கொட்டியது. அந்தத் தைரியத்தில்தான் பொள்ளாச்சியில் இரண்டாவது ஓட்டலுக்கு இடம் பிடித்தாள். அதற்காக, அவள் அப்பா சீராகக் கொடுத்த உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்பு நாளைக்குக் கைமாறுகிறது.

"சுஃப்யான்! வெளிய வா!"

சமையல்காரன் சுஃப்யான் கையில் பாதி அவகாடோவோடு வந்தான். துபாயில் ஒரு மெக்சிகோக்காரரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். லோகப்பிரியா கற்றதெல்லாம் யூடியூபில்.

"படிக்கறேன், கேளு" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

"'குவாக்கமோலி என்னும் அவகாடோ மசியலில் தயிர். மோலே குழம்பில் சாக்லேட் சிரப். வஹாகா ஊரில் இதைப் பரிமாறினால் அடிக்க வருவார்கள். யுகதான் பக்கம் இறைச்சியைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பார்கள். இங்கே வினிகர் வாடை. எந்த ஊர்ப் பேர் சொல்லிக் கேட்டாலும் அதே சிவப்புச் சாஸ். மெக்சிகோ என்ன ஒரே தெருவா? அவகாடோ மட்டும் அருமை. அது மரம் செய்த வேலை.'"

சுஃப்யானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் தப்பு செய்தான்.

"சிரிக்கறயா? தயிர் ஊத்தறதும் சிரப் ஊத்தறதும் அடுப்படில நிக்கற ஆளுக்குத்தான்டா தெரியும்! தயிர் வேண்டாம், தயிர் வேண்டாம்னு நீதானே குதிச்சே?"

"குதிச்சேனுங்க்கா. உங்க மூஞ்சிக்கு நேராத்தான் குதிச்சேன்." அவனுக்கும் முகம் சிவந்தது. "வெங்காயம், பச்சமொளகா, கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. இதுக்கு மேல அந்தப் பழத்துக்கு ஒண்ணும் வேண்டாம்னு நூறு தடவ சொன்னேன். கேட்டீங்களா?"

"அதுக்குப் பழி வாங்குனியாக்கும்?"

"தயிர் ஊத்துனதைக் கண்டுபுடிக்க அடுப்படிக்கு எதுக்குங்க்கா வரணும்? நாக்கு இருந்தாப் பத்தாதா?"

"வாயை மூடு! நாப்பத்தாறு பேருக்கு இல்லாத நாக்கு ஒருத்தனுக்கு முளைச்சிருச்சாக்கும்! ஏப்ரனைக் கழட்டி வெச்சுப்போட்டு நட!"

சுஃப்யான் ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்தான். அதன்மேல் அந்தப் பாதி அவகாடோவையும் வைத்தான்.

"நான் எழுதியிருந்தா என் பேரைப் போட்டுத்தான் எழுதியிருப்பேனுங்க்கா. ஒளிஞ்சு எழுதற பொழப்பு எனக்கில்ல."

அவன் கதவருகே போகும்வரை கிருபாசங்கர் தலை நிமிரவில்லை. ஒட்டிய பேரையே திரும்பத் திரும்ப விரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"சுஃப்யான், நில்லு" என்றான் திடீரென்று. "லோகு, அவன் எழுதலை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வெள்ளிக்கெழமை ஒருத்தர் வந்தாரே, மில்லுக்கு மெசின் மாட்ட வந்த மெக்சிகோ இன்ஜினியர்... அவரா இருக்கும்."

"அவரு தமிழ்ல எழுதுனாராக்கும்? நீங்க கூட இருந்து எழுதிக் குடுத்தீங்களாக்கும்?"

"கூட ஒரு தமிழ் ஆளும் சாப்பிட்டாருல்ல, அம்மிணி."

"சும்மா மழுப்பாதீங்க!" அவன் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. கல்யாணமாகி ஏழு வருஷம். அவன் எதையோ மறைக்கும்போது காது மடல் துடிக்கும். இப்போது இரண்டும் துடித்தன.

"நீங்களா? ஸ்டார் போட்டது நீங்களா?"

கிருபாசங்கர் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டான்.

"கல்லு மனசுங்க உங்களுக்கு! முகம் தெரியாத நாப்பத்தாறு பேரு என்னைத் தூக்கி விடறாங்க. கட்டுன புருஷன் நீங்க, தோப்பு கைமாறப் போற நேரத்துல, ஒத்தை ஸ்டாரைப் போட்டுக் காலை வாரி விடறீங்களா?"

தோப்பு என்றதும் அவன் நிமிர்ந்தான். பேர் ஒட்டிய போன்கள் இருந்த பையை மெல்ல அவள் பக்கம் தள்ளினான்.

"கிரயத்தை நிறுத்திப்போடு, லோகு. நீ அழுததைப் பார்க்க முடியாமச் செஞ்சுபோட்டேன்."

"என்னத்தைச் செஞ்சீங்க?"

"அந்த ஒத்தை ஸ்டார் மட்டுந்தான் அம்மிணி, நான் போடாதது."