அட்டையில் ரோசாப்பூ

“பொம்புளைகள்ர முகத்த அட்டையில போட ஏலா, தங்கச்சி. ரோசாப்பூ ஒண்டு போடுவம்” என்றார் முஹ்ஸின்.

கல்முனையில் இறந்தவர்களுக்கு நினைவு மலர் என்றால் முஹ்ஸினின் அச்சகம்தான். இருபத்தைந்து வருடமாக ஊரின் மௌத்துகளை அச்சடித்து வருபவர். ஆண் என்றால் தொப்பி போட்ட படம், பெண் என்றால் ரோசாப்பூ. இதில் அவருக்குத் தடுமாற்றமே வந்ததில்லை.

மேசைக்கு எதிரே நிஹ்லா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கதிரையில் வயதான பெண் ஒருவர், கண் ஒப்பரேஷன் செய்தவர்கள் போடும் பெரிய கறுப்புக் கண்ணாடியோடு. சாதாரணச் சீத்தைச் சேலை, தலையில் முக்காடு.

“எங்கட உம்மாக்கு ரோசாப்பூ எண்டாலே தும்மல் வாற” என்றாள் நிஹ்லா. “இந்தப் படத்தத்தான் போடணும்.”

அவள் நீட்டிய படத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, எங்கோ ஒரு விமான நிலையத்துப் படிக்கட்டில், இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக நின்று கமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். முஹ்ஸின் படத்தைக் கவிழ்த்து வைத்தார். அந்நியப் பெண்ணைக் கனநேரம் பார்க்கக் கூடாதாம்.

“நாளைக்குப் பள்ளிவாசல்ல என்ன நிப்பாட்டி வெச்சிக் கேப்பாங்க.”

“கேட்டா எங்கட ஊட்டுக்கு அனுப்புங்க. நான் கதைக்கன்.”

முஹ்ஸின் அதைக் காதில் வாங்காதவர் போலக் கணினியைத் திருப்பிக் காட்டினார். “மறுகா, பேரும் தேவல்ல. நானே எழுதி வெச்சிரிக்கன், கேளுங்க. ‘முன்னாள் தூதுவர் பதியுதீன் அவர்களின் அன்பு மனைவியும், டொக்டர் றிபாத் அவர்களின் பாசமிகு தாயாருமான அன்னார்...’ எப்பிடி?”

“அன்னாருக்குப் பேர் ஒண்டு இரிக்கி. ஸுஹைறா. அன்னாருக்கு ஒரு மகளும் இரிக்கா. அது நான்.”

“கோவப்படாதீங்க தங்கச்சி. போன மாசம் முனவ்வறா டீச்சர்ர மலரும் நாங்கதான் அடிச்ச. ஊரே பாராட்டின.” அலுமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து மேசையில் போட்டார். அட்டையில் பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோசா.

வயதான பெண் அதை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் தேடினார். “முனவ்வறா முப்பத்திரண்டு வருஷம் படிப்பிச்சவ. அவட பேர் எங்க, தம்பி?”

முஹ்ஸின் வாங்கிப் புரட்டினார். அதிபர் அபுல் ஹஸன் அவர்களின் மனைவி இருந்தார். மருமக்கள் இருந்தார்கள். மூத்த மருமகனுடைய ஹார்ட்வெயார் கடை விளம்பரம்கூட இருந்தது. முனவ்வறாவைத்தான் காணவில்லை.

“இதப் பாத்துட்டுத்தான் நாங்க இஞ்ச வந்த” என்றார் அந்தப் பெண்.

முஹ்ஸினுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “மௌத்தானவவுக்கு நீங்க என்ன முறை, மாமி?” என்று பேச்சை மாற்றினார்.

“அவ போன எல்லா நாட்டுக்கும் நானும் போன.”

வீட்டு வேலைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று முஹ்ஸின் விளங்கிக்கொண்டார். வேலைக்கு நின்றவளிடம் தனக்கென்ன பேச்சு என்று நினைத்து, நிஹ்லா உம்மாவைப் பற்றி எழுதி வந்த தாளைக் கையில் எடுத்தார்.

“இதையும் மாத்துவம். வளைகுடாவில எசமான் ஊட்டால தப்பி வந்த பதினேழு பொம்புளப் புள்ளைகளுக்கு, இவ எம்பஸிக் கதவத் திறந்து உட்ட எண்டு எழுதியிரிக்கீங்க. தூதுவர் திறந்த எண்டு போடுவம். அதுதான் எடுப்பா இரிக்கும்.”

“அண்டைக்குத் தூதுவர் கொழும்பில” என்றார் வயதான பெண். “திறக்க வேணாம், வேல போயிரும் எண்டு செக்ரட்டறி கத்தின. அதுல நாலு பேர் நம்மட பாலமுனைப் புள்ளைகள். திறக்காம எப்பிடி?”

நிஹ்லா எழுந்து நின்றாள்.

“கேளுங்க காக்கா. எங்கட உம்மா பதினொரு நாட்டுக்குப் போனவ. பதினொரு நாட்டிலயும் அவட முகத்தப் பாத்து, பேர வாசிச்சித்தான் உள்ளுக்கு உட்டாங்க. பொறந்த ஊருக்குள்ள வாறத்துக்கு மட்டும் ரோசாப்பூவா? ஏலாட்டிச் செல்லுங்க, அக்கரைப்பற்றில அடிக்கிறம்.”

அறுநூறு பிரதி அக்கரைப்பற்றுக்குப் போவதை முஹ்ஸினால் தாங்க முடியவில்லை. கவிழ்த்து வைத்த படத்தை நிமிர்த்தினார். கொஞ்ச நேரத்தில் திரையில் ரோசாப்பூ போய், முறைக்கும் முகம் வந்தது. அதன் கீழே ஸுஹைறா. முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் ஒருவரும் இல்லை, வெறும் ஸுஹைறா.

வயதான பெண் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். “பேர இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க.”

போட்டார். தோற்றுப்போன மனுசனுக்கு ஏதாவது ஆறுதல் வேண்டுமே, ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“எல்லாம் செரி. முக்கியமானத எழுதாம வந்திரிக்கீங்களே, தங்கச்சி. மௌத்தான திகதி எங்க?”

நிஹ்லா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். வயதான பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முஹ்ஸினை நேருக்கு நேர் பார்த்தார்.

“அதுக்கு இடம் உடுங்க, தம்பி. அந்தப் பயணத்துக்கு எனக்கு இன்னும் திகதி வரல்ல.”