ஓரத்தில் விழுந்த குழி

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மூட்டை மூட்டையாக எங்கள் கொட்டகைக்கு வரும். மறுபடி மருந்து அடைப்பதற்கு முன் அம்மா அவற்றைப் புளி போட்டுத் தேய்ப்பாள். கீறல் விட்டவற்றை நான் பொறுக்கி எறிவேன். எங்களை வேலை வாங்குகிறவர்கள்தான் அண்ணனையும் துப்பாக்கி கொடுத்து இழுத்துப் போனார்கள். சுடும்போது துப்பாக்கியின் ஊசி கூட்டின் அடியில் நடுவே சிறு குழி போடும். அண்ணனுடையது மட்டும் ஓரம் தள்ளிக் குத்தும். போகுமுன் காட்டிவிட்டுப் போனான். அந்தக் குழியைக் கண்டால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். பல மூட்டைகளாக அது வரவில்லை. இன்று ஒன்று கிடைத்தது.

“இருக்கான்டி! எம்புள்ள இருக்கான்!” அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூட்டையை இறக்கியவன் எட்டிப் பார்த்தான். “அட, இது நான் சுட்டதுதான் அக்கா. போன மாசந்தான் எனக்குக் குடுத்தாங்க.” பெருமையாக இடுப்பிலிருந்த துப்பாக்கியைத் தட்டிக் காட்டினான்.

“அதுக்கு முன்னாடி யாருகிட்ட இருந்துச்சு?” என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. “எனக்கென்ன தெரியும் பாப்பா.”

அம்மா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தெனமும் சுடுவியாப்பா? ஒண்ணு விடாம பொறுக்கி எங்கிட்டயே கொண்டாந்துடு ராசா.”