நாலாம் நம்பர் கலர்

"இது இன்னா கலர், சொல்லுங்க பார்க்கலாம்."

ஜெயவேலு கீபோர்டில் இரண்டு எண்களைத் தட்டிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அமலராணி கண்களைச் சுருக்கிக்கொண்டு மானிட்டரைப் பார்த்தாள்.

"ஊதால மஞ்சள் எழுத்து. கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி இருக்கு. வேண்டாம், கண்ணு கூசுது."

"சரி, அடுத்ததுக்குப் போவோம்."

தாம்பரம் சானடோரியத்தில், ஏற்றுமதி வளாகத்துக்குள் இருந்தது அந்த ஆபீஸ். வெளிநாட்டு ஊர்களின் டெலிபோன் டைரக்டரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. போகவே போகாத ஊர்களின் தெருப் பெயர்களை நாளெல்லாம் அடித்துவிட்டு மின்சார ரயிலில் திரும்பும்போது, அந்தத் தெருக்களில் தான் தனியாக நடப்பது போலவே இருக்கும் அமலராணிக்கு.

போன மாதம் பழைய பச்சை எழுத்து மானிட்டர்களை எடுத்துவிட்டுக் கலர் மானிட்டர் வைத்தார்கள். பளீரென்ற நீலத்தில் வெள்ளை எழுத்து. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவளுக்கு மட்டும் தலைவலி பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எழுத்துகள் தண்ணீருக்குள் விழுந்தது போல நெளியும். தப்புத் தப்பாக அடிப்பாள்.

அதுவும் எந்த நேரத்தில்? தற்காலிக ஆட்களான இவர்கள் இரண்டு பேருக்கும் சனிக்கிழமை டெஸ்ட். தப்புக் குறைவாக அடிக்கிறவருக்கு நிரந்தர வேலை, மற்றவருக்குக் கும்பிடு என்று மேனேஜர் வேதசிரோமணி அறிவித்திருந்த நேரத்தில்.

அவள் அம்மா மெட்டில்டா டீச்சர் மே மாதம் ரிட்டயர் ஆகிறாள். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. ஜெயவேலுவுக்கோ மாடம்பாக்கத்தில் அப்பாவின் செங்கல், மணல் கடை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. "அங்க போய் லாரி எண்றதுக்கா டிகிரி படிச்சேன்?" என்று புலம்பாத நாளில்லை அவன்.

அப்படிப்பட்ட போட்டிக்காரன், நாலு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்காகக் கலர் தேடினால் என்ன அர்த்தம்? அமலராணி ஒன்றும் பச்சைக் குழந்தையில்லை. ஒவ்வொரு கலரையும் அவள் வாயால் சொல்லவைத்துக் கேட்பதெல்லாம் பேச்சை வளர்க்க ஒரு சாக்கு. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

"இது?"

"சாம்பல்ல வெள்ளை. மார்கழி மாசம் ஏரி மேல பனி இறங்கின மாதிரி. அழகா இருக்கு, ஆனா எழுத்து தெரியல."

"இது?"

"பச்சைல நீலம். ஐயோ, மாத்துங்க!"

அவன் சிரித்தான். "பதினாறு கலர் கீது. எப்படியும் ஒண்ணு மாட்டும். பின்னால கறுப்பு வெச்சு நாலாம் நம்பர் போட்டுப் பார்ப்போம்."

திரை இருண்டது. அமலராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னா, இதுவும் தேறாதா?"

"கறுப்புல சிவப்பு. அடுப்பு அணையறப்ப தணல் இருக்குமே, அது மாதிரி. கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா? ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

ஜெயவேலுவும் அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் வரியைப் படிங்க."

"வில்லோ தெரு, பதினேழு."

"நெளியலையே?"

"இல்ல. தலைவலியும் இல்ல."

"அப்ப இதையே வெச்சிடறேன்."

அவள் தயங்கினாள். "நாம ரெண்டு பேரும் ஒரே லாகின். இங்க போடற கலர்தானே உங்க ஸ்கிரீன்லயும் வரும்? உங்களுக்குச் சரிப்படுமா?"

"எனக்கு இன்னாங்க, எந்தக் கலரா இருந்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தான்.

சனிக்கிழமை காலை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அமலராணியின் விரல்கள் தாமாகவே ஓடின. வில்லோ தெருவைத் தாண்டி, ஒரு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, முன்பின் தெரியாத ஊரின் அந்திநேரத்துக்குள் அவள் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். தப்பு விழுந்தால் சிவப்பு எழுத்தில் உடனே கண்ணில் பட்டது; நின்று திருத்திவிட்டு மறுபடி நடந்தாள்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஜெயவேலு கையிலிருந்த தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. திரையைப் பார்த்துத் திருத்தக்கூட மாட்டேன் என்கிறானே, எவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொண்டே தன் தாளுக்குத் திரும்பினாள்.

மத்தியானம் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார் வேதசிரோமணி. அவர் கம்ப்யூட்டர் பக்கமே வராதவர். பிரிண்ட் எடுத்த தாளில் மட்டுமே உலகத்தைப் பார்ப்பவர்.

"உனக்கு மூணு தப்பு, ஜெயவேலுவுக்கு நாப்பத்தொண்ணு. வேலை உனக்குத்தாம்மா. அம்மாகிட்ட சொல்லு."

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. அடுத்த நிமிஷமே மனசு கனத்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஜெயவேலு பையை மாட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சிரித்துப் பேசி விடைபெற்றுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்த்து, "கங்கிராட்ஸ்" என்று வாயசைத்துவிட்டுப் போனான்.

"சார், ஸ்பீடுல அவர்தானே எப்பவும் முதல்? எப்படி சார் இத்தனை தப்பு?"

வேதசிரோமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதான் எனக்கும் புரியல. பாவம், ராசியில்லாத பையன். ரயில் டிரைவர் வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணியும், சிவப்பு இவன் கண்ணுக்குக் கறுப்பாத்தான் தெரியுதுன்னு மெடிக்கல்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம். ரயில் ஓட்ட அது குறைதான். இங்க உட்கார்ந்து டைப் அடிக்கிறதுக்கு அதனால என்னம்மா வந்துடப்போகுது?"