காலண்டர் அண்ணன்

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு எம்.பி.ஏ. காலேஜ்லேர்ந்து ஆபீசுக்குப் போன் பண்ணுவாங்களாம். நான் எழுதினது உண்மையான்னு விசாரிக்க."

"விசாரிக்கட்டுமே. உண்மையைத்தானே எழுதியிருக்க?" என்றான் கணவன், சட்டையைத் தேய்த்தபடி.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'உங்கள் வேலையில் நடந்த பெரிய தவறு எது? அதிலிருந்து என்ன கற்றீர்கள்?'

ஆறு வருட வக்கீல் மூளை சும்மா இருக்குமா? 'அப்பீல் போடக் கடைசி நாள் பன்னிரண்டாம் தேதி. குமாஸ்தா மறந்துவிட்டார். ஆட்களை மேற்பார்வை செய்யக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதிவிட்டாள்.

மறந்தது அவள். கேஸ் கட்டு மூன்று நாள் அவள் பையில், டயப்பருக்கு அடியில் கிடந்தது. கோர்ட்டில் மன்னிப்புக் கேட்ட சீனியர் வக்கீலுக்கு, தப்பு யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

ஆபீஸ் போன் இருப்பதோ குமாஸ்தாவின் மேஜையில். முப்பது வருடத்தில் ஒரு வாய்தாகூடத் தவறவிடாதவர். கோர்ட்டே அவரைக் 'காலண்டர்' என்றுதான் கூப்பிடும். போயும் போயும் அவர் தலையிலா கட்டினோம்?

ஆபீசில் மணி பதினொன்று. போன் அடித்தது.

அவள் அலமாரிப் பக்கம் திரும்பி, ஒரு சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க, குமாஸ்தாதான் பேசறேன்... வாசிங்க, கேக்கறேன்."

கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

போச்சு. சீட் போச்சு, இந்த வேலையும் போச்சு.

அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். ஐயோ, ஆதாரம் வேறு தேடுகிறார்! தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"வக்கீலம்மா, இங்க வாங்க."

"அண்ணே... நான் வந்து..."

"பன்னெண்டாம் தேதின்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு நான் லீவு. அதனாலதானே முந்தின நாளே கேஸ் கட்டை உங்க கையில குடுத்தேன்?"

அவள் கையிலிருந்த புத்தகத்தை நேராகத் திருப்பினாள்.

"மறந்தது நான்தான்னு ஒத்துக்கிட்டேன். ஆனா மறந்தது பதினொண்ணாம் தேதின்னு திருத்திச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், மாட்டிக்க மாட்டீங்க."

பதிவேட்டை மூடினார்.

"பொய்யா இருந்தாலும் தேதி சரியா இருக்கணும்மா."